மாலை போட்டவனோட நண்டு கட்லெட் தேடி

மீனம்பாக்கத்துல ட்ராலியத் தள்ளிக்கிட்டு வெளிய வர்றேன், பாபுவத் தேடறேன், ஆளக் காணோம். எப்பவும் கம்பித் தடுப்பு மேல ஏறி உக்காந்துக்கிட்டு விசிலடிப்பான். இந்த தடவை விசில் இல்ல. அதுக்கு பதிலா கருப்பு வேட்டி, கருப்பு துண்டு, கழுத்துல துளசி மணி, காடு மாதிரி தாடி, வெறுங்காலோட ஒரு உருவம் வந்து என் பெட்டியத் தூக்கிச்சு.

"வாங்க சாமி. ஃப்ளைட் லேட்டா?"

"டேய், நீ மாலை போட்டிருக்கியா?"

"ஆமா சாமி. தை மொத தேதி ஜோதி பாத்துட்டுதான் கழட்டுவேன்."

"அப்ப நண்டு?"

"நீங்க சாப்பிடுங்க சாமி. நான் கூட வர்றேன்."

பால்டிமோர் தமிழ்ச் சங்கத்து ஜனங்களே, மேட்டர் உங்களுக்குப் பாதி தெரியும். கோடையில நாம பிக்னிக் போனப்ப பெரிய சண்ட ஆச்சே, ஞாபகம் இருக்கா. பால்டிமோர் க்ராப் கேக்க அடிச்சுக்க உலகத்துலயே ஆளில்லன்னு ஒரு கோஷ்டி. நண்டு சதைய உதுத்து, மசாலா போட்டு, தட்டி வறுக்கறதெல்லாம் எங்க மெட்ராஸ்ல என்னிக்கோ பண்ணியாச்சு, அதுக்குப் பேரு கட்லெட்டுன்னு நான். சரிடா சீனு, வாய் கிழியப் பேசறியே, டிசம்பர்ல ஊருக்குப் போறப்ப ஒவ்வொரு கடையா சாப்ட்டுட்டு வந்து நம்ம சங்க மலர்ல எழுதுன்னு சொல்லிட்டீங்க. எழுதிட்டேன், படிங்க.

உங்களுக்குத் தெரியாத மிச்சப் பாதி என்னன்னா, நண்டப் பத்தி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. நான் மயிலாப்பூர் பையன். எங்க வீட்ல நண்டுன்னா கடக ராசி மட்டும்தான். காலேஜ்ல பாபுதான் ஒரு நண்டுக் கால என் கையில குடுத்து, "கடி மச்சி, ஒண்ணும் ஆவாது"ன்னான். அவன் மேற்கு மாம்பலம். மீன், கறி, கோழி எல்லாம் சாப்பாடு அவனுக்கு, நண்டு மட்டும் காதல். இந்த ட்ரிப்புக்கு ஒரு வருஷமா ஈமெயில்ல ப்ளான் போட்டதே அவன்தான். எந்தக் கடை, எந்தக் கிழம, காரத்துக்கு எது தொட்டுக்கணும், எல்லாம் அவன்தான். மாலைய மட்டும் எழுதல.

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீங்க வரமாட்டீங்க சாமி."

கார்த்திகை பொறந்தா பாதி மெட்ராஸ் மாலை போடும். மிச்சப் பாதி மார்கழின்னு வாயக் கட்டும். நண்டு திங்கற வீட்ல பொறந்த எவனும் இந்த மாசத்துல நண்டு தேடி டிக்கெட் எடுக்க மாட்டான். எடுத்தவன் நான்.

மறுநாள் காலம்பற பாபு எங்க வாசல்ல வந்து நின்னான். எங்க அம்மா வாயில காலேஜ் காலத்துல இவன் பேரு "அந்த தடியன்". அந்த தடியன் ஃபோன் பண்ணான், அந்த தடியனோட சுத்தாதே. இப்ப என்னடான்னா கையில சொம்புத் தண்ணியோட ஓடி வரா.

"வாங்கோ சாமி, ஆத்துக்குள்ள வாங்கோ. காப்பி சாப்பிடறேளா?"

"பால் போதும் மாமி," கண்ணத் தரையில போட்டுக்கிட்டு சொல்றான். நடிப்புன்னா கூட ஓட்டலாம். நடிப்பில்ல, அதான் பேஜாரு.

"நீ எங்கடா கெளம்பிண்டு இருக்க?"

"பாபுவோட கோவிலுக்கும்மா."

"நன்னா போய்ட்டு வா. அமெரிக்கா போய்தான் உனக்கு புத்தி வரணும்னு இருந்திருக்கு."

ஊர்ல இருந்த வரைக்கும் தெனம் இதே கேள்வி, இதே பதில். மயிலாப்பூர்ல இருந்துக்கிட்டு நண்டு திங்கறதுக்கு இத விட நல்ல மறைப்பு யாருக்கும் கெடைக்காது.

மொத வேட்டை லஸ் பக்கம், ஒரு மாடி ஹோட்டல். கீழ மருந்துக்கடை, பக்கவாட்டுல குறுகலா படிக்கட்டு. பாபு படிக்கட்டு கிட்டயே நின்னுட்டான். வாசனை வர்ற எல்லைக்கு இந்தப் பக்கம்னு கணக்கு. "சாப்ட்டுட்டு வந்து சொல்லுங்க சாமி. கேக்கறதுல தப்பில்ல."

"யாரு சொன்னா?"

"எனக்கே தோணுச்சு."

மேல போனா ஃபேன் சுத்துது, ஈ சுத்துது, மனுஷன் யாரும் இல்ல. சர்வர் பேப்பர மடிச்சு வச்சுட்டு வந்தான். நண்டு கட்லெட் இருக்கான்னேன். ஏதோ துக்கம் விசாரிச்ச மாதிரி பாத்தான்.

"போர்டுல இருக்கு சார். நண்டு மாஸ்டர் மாலை போட்டுட்டாரு. தை பொறந்து வாங்க."

"வேற மாஸ்டர் இல்லயா?"

"அவரும் போட்டுட்டாரு. இப்ப ஆம்லெட்டே நான்தான் போடறேன். போடட்டா?"

கீழ எறங்கி வந்தா பாபு, பரிட்ச எழுதிட்டு வர்ற புள்ளய எதிர்பாக்கற அப்பா மாதிரி மொகத்த வச்சுக்கிட்டு நிக்கறான். "எப்படி சாமி?"

"உங்க ஆளுங்கல்லாம் சேந்து என்னப் பட்டினி போடறீங்கடா."

ரெண்டாவது தி. நகர். பாண்டி பஜாருக்குப் பின்னாடி சந்துல புதுசா ஒரு செட்டிநாட்டு ஹோட்டல். உள்ள நாலு பக்கமும் தூணு. சாஞ்சேன், ஆடிச்சு, ப்ளைவுட்டு. கட்லெட் வந்துச்சு, ஹார்ட் வடிவத்துல, மேல ஒரு தக்காளி பூ. பிச்சா உள்ள உருளக்கெழங்கு. இன்னும் பிச்சா இன்னும் உருளக்கெழங்கு. நண்டு அந்தப் பக்கமா நடந்து போயிருக்கு, கெழங்கு பாத்திருக்கு, அவ்வளவுதான் சம்பந்தம்.

பாபு எதிர்ல வளையல் கடை வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தான். ரோட்ட க்ராஸ் பண்றதுக்குள்ள கேள்வி ஆரம்பிச்சுட்டான்.

"உதிருச்சா, ஒட்டுச்சா?"

"ஒட்டுச்சு."

"நார் நாரா பிரிஞ்சுதா?"

"உருளக்கெழங்குல ஏதுடா நாரு."

"சோம்பு?"

"அள்ளிப் போட்டிருக்கான்."

கண்ண மூடிக்கிட்டான். "சோம்பு போட்டா நண்டு செத்துடும் சாமி."

"ஏற்கனவே செத்துதான்டா இருந்துச்சு."

வாய் விட்டு சிரிச்சான். அப்ப பாத்து ரெண்டு கருப்பு வேட்டி எதிர்ல வந்தாங்க. "சாமி சரணம்"னாங்க. இவன் டக்குனு கை கூப்பி "சரணம் ஐயப்பா"ன்னு உருகினான். அவங்க தாண்டினதும் காது கிட்ட வந்து, "சரி, தொட்டுக்க என்ன வச்சான்?"

அந்த சந்த விட்டு வெளிய வந்தா அவன் வேலை பாக்கற கம்ப்யூட்டர் சென்டர். மாடியில வரிசையா பசங்க கோபால்னு பழைய கம்ப்யூட்டர் பாஷ ஒண்ணு படிச்சுக்கிட்டு இருக்காங்க. ரெண்டாயிரம் பொறந்தா கம்ப்யூட்டருக்கெல்லாம் வருஷம் மறந்துடுமாம், அத சரி பண்ண ஆள் பத்தலன்னு அமெரிக்காக்காரன் கூடை வச்சு அள்றான். எங்க க்ளாஸே போயாச்சு. பாபு சொல்லிக் குடுத்தவனும் போயாச்சு, அவன்கிட்ட கத்துக்கிட்டவனும் போயாச்சு. பாபுவுக்கு மட்டும் ரெண்டு தடவை விசா இல்லன்னுட்டாங்க. காரணமும் சொல்லல. இப்ப டல்லாஸ்ல ஒரு கம்பெனி பேப்பர் அனுப்பியிருக்கு. அடுத்த வாரம் அமெரிக்கன் கான்சுலேட்ல மூணாவது விசா இண்டர்வியூ. மாலை அதுக்குத்தான்.

"நம்ம பசங்க எவன் வந்தாலும் ஏர்போர்ட்டுக்கு நான்தான் வர்றேன்," பைக்க ஸ்டார்ட் பண்ணிக்கிட்டே சொன்னான். வெறுங்கால்ல கிக்கர் அடிக்கறது பாக்கவே கூசுது. "எவன் போனாலும் நான்தான் ஏத்தி விடறேன். அந்தக் கண்ணாடிக் கதவு வரைக்கும் பெட்டியத் தள்ளிக்கிட்டு போவேன். போலீஸ்காரர் கை காட்டுவாரு, திரும்பிடுவேன். ஒரு தடவ அவர் கையத் தாண்டிப் போவணும் சாமி. அப்பறம் உள்ள ஒண்ணுமே இல்லன்னாலும் பரவால்ல."

நான் பின்னாடி ஏறி உக்காந்தேன். உள்ள ஒண்ணுமே இல்லடான்னு சொல்ல வாய் வந்துச்சு, "அடுத்த கடை எங்கடா"ன்னு கேட்டேன்.

மூணாவது, அண்ணா சாலைப் பக்கம் ஒரு நட்சத்திர ஹோட்டல். மெனுவுல க்ராப் கேக்குன்னே இங்கிலீஷ்ல போட்டிருக்குன்னு பாபு விசாரிச்சு வச்சிருந்தான். வாசல்ல தலப்பா, மீச, ராஜா மாதிரி ஒரு காவலாளி. அவர் பாபுவப் பாத்ததும் கதவ அகலமாத் தொறந்து, குனிஞ்சு, "உள்ள வாங்க சாமி"ன்னாரு. என் கால்ல ரப்பர் செருப்பு. அதப் பாத்துட்டு, "சார், இது போட்டுக்கிட்டு உள்ள விட மாட்டாங்களே"ன்னாரு. வெறுங்காலுக்கு கும்பிடு, செருப்புக்கு தடா. கடசீல சாமி சொல்லித்தான் என்ன உள்ள விட்டாங்க.

கட்லெட் வந்துச்சு. ரெண்டு சின்ன வட்டம், நடுவுல மயோனைஸ் ஒரு சொட்டு, பக்கத்துல இலை தழை. வாயில வச்சேன். அப்படியே பால்டிமோர். ஒரு குறை சொல்ல முடியாது. பக்கத்து டேபிள்ல ஒரு வெள்ளக்காரரு பொண்டாட்டி கிட்ட சொல்லிக்கிட்டு இருந்தாரு: "நம்ம ஊர்ல சாப்பிடற மாதிரியே இருக்கு. அப்பறம் எதுக்கு இவ்வளவு தூரம் வந்தோம்?" அந்தம்மா, "நீதான வெயில் வேணும்னே"ன்னாங்க.

எனக்கு அதுக்கு மேல எறங்கல. பால்டிமோர்ல துறைமுகத்துப் பக்கம் நான் போற கடையில கவுண்டர் முன்னாடி வரிசையா ஸ்டூல் இருக்கும். பக்கத்து ஸ்டூல்ல என் ஜாக்கெட்ட வச்சுக்கிட்டு சாப்பிடுவேன். ஆள் இருக்கற மாதிரி தெரியணும்ல. பதினாலாயிரம் கிலோமீட்டரோ எவ்வளவோ பறந்து வந்து, அதே ஏசி, அதே கேக்கு, அதே தனி டேபிள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாபு, காவலாளி கூட என்னமோ பேசி சிரிச்சுக்கிட்டு இருக்கான். எழுந்து போய் அங்க நிக்கணும் போல இருந்துச்சு.

அடுத்தது அடையார். அன்னிக்கு வானம் பொத்துக்கிச்சு. மாம்பலம் சப்வேல முழங்கால் தண்ணி, பைக்கு ரெண்டு இருமு இருமிட்டு செத்துப் போச்சு. தள்ளிக்கிட்டு போய் ஒரு மெக்கானிக் கடையில படுக்க வச்சுட்டு ஆட்டோ புடிச்சோம். ஆட்டோக்காரரும் கருப்பு சட்ட.

"இன்னா சாமி, எங்க போவணும்?"

"அடையார் டிப்போ பின்னாடி ஒரு மெஸ்ஸு," பாபு.

"கறி மெஸ்ஸா? வாசல்ல நிறுத்த மாட்டேன் சாமி, வண்டில ஐயப்பன் படம் மாட்டிக்கினு கீறேன். எதிர்ல வுட்டுடறேன், நடந்துக்கோங்க. நீங்க மால போட்டுக்கினு அங்க இன்னாத்துக்கு?"

"இவரு சாப்பிடறாரு. நான் தொணைக்கு."

ஆட்டோக்காரர் கண்ணாடியில என்ன ஒரு மொற மொறச்சாரு.

அந்த மெஸ்ஸுல நண்டு இருந்துச்சு. மெஸ் நடத்தற அம்மா கேரளாவுல இருந்து வந்த சிரியன் கிறிஸ்டியன், மார்கழியாவது ஒண்ணாவது. கெழங்கு கெடையாது, சோம்பு கெடையாது. தேங்காத் துருவல், மிளகு, கறிவேப்பில, நடுவுல நார் நாரா நண்டு. ஒரு எடத்துல ஓடு பல்லுல மாட்டிச்சு, அதக் கூட மன்னிச்சேன். எதிர்ல ஒரு சைக்கிள் கடை ஓலைக்குக் கீழ பாபு நனைஞ்சுக்கிட்டு நிக்கறான். ஓடிப் போய் மூச்சு விடாம சொன்னேன். வெளிய எப்படி முறுகலு, உள்ள எப்படி ஈரம், கடிச்சதும் எப்படி இனிப்பு முன்னாடி வந்து காரம் பின்னாடி வந்துச்சுன்னு.

பாபு ஒண்ணும் கேக்கல. மழயப் பாத்துக்கிட்டே, "சாமி, இனிமே சொல்லாதீங்க"ன்னான்.

"ஏன்டா?"

"குருசாமி கிட்ட கேட்டேன்." மலைக்குக் கூட்டிட்டுப் போற பெரியவரு அவரு. "காதால சாப்ட்டாலும் சாப்பாடுதான்னுட்டாரு. நேத்து பஜனையில எல்லாரும் சரணம் சொல்றாங்க, எனக்கு கண்ணுக்குள்ள நண்டு நடக்குது. இதுல விசா போச்சுன்னா டல்லாஸ்காரன் வேற ஆளப் பாத்துக்குவான். அது கூட பரவால்ல. நண்ட நெனச்சதாலதான் போச்சுன்னு சாவற வரைக்கும் தோணிக்கிட்டே இருக்கும் மச்சி... சாமி."

சாமிய மறந்துட்டு மச்சின்னுட்டான். அந்த ஒரு வார்த்தையில மேட்டர் எவ்வளவு சீரியஸ்னு புரிஞ்சு போச்சு. சரிடா, சத்தியமா சொல்லமாட்டேன்னேன்.

அப்பறமும் சாப்ட்டேன், உங்களுக்காக. பெசன்ட் நகர் பீச்சுல ஒரு தள்ளுவண்டி, மந்தவெளியில ஒரு மிலிட்டரி ஹோட்டல், இன்னும் எங்கெங்கயோ. வெளிய வந்தா பாபு பைக்க ஸ்டார்ட் பண்ணி ரெடியா வச்சிருப்பான், வேற பேச்சு பேசுவான். மழை, க்ரிக்கெட்டு, வெங்காய விலை. ஒவ்வொரு கடைக்கும் மார்க் போடணும்னுதான் கெளம்பினேன். அந்த வாரம் சாப்ட்டது ஒண்ணு கூட நெனவுல இல்ல. சாப்பிடறப்ப வாய்க்குள்ள ஒரு வாக்கியம் ரெடியாகும், சோம்பு இல்லடா, நல்லா உதிருதுடான்னு. சொல்ல ஆளில்லாம அத அப்படியே முழுங்கிடுவேன். அதோட ருசியும் போயிடும்.

இண்டர்வியூ வந்த நாளு அமாவாசை. "நெறஞ்ச நாளுடா, ஜெயம்தான்"னு அம்மா விபூதி மடிச்சுக் குடுத்தா. எனக்கும் அவனுக்கும் சண்ட ஷூவுக்கு.

"டேய், இன்னிக்கு ஒரு நாள் ஷூ போடு. அவங்களுக்கு இதெல்லாம் புரியாது."

"மாலை இருக்கற வரைக்கும் செருப்பு கெடையாது சாமி."

"விசாவுக்குதான மாலையே போட்ட. மாலைக்காக விசாவ விடுவியா?"

"விட மாட்டேன். ஆனா போடவும் மாட்டேன்."

கருப்பு பேன்ட்டு, கருப்பு சட்ட, நெத்தியில சந்தனம், கக்கத்துல ஃபைலு, வெறுங்காலு. கான்சுலேட் வாசல்ல டை கட்டி சென்ட் அடிச்சுக்கிட்டு நிக்கற வரிசையில போய் நின்னான். எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. ஒருத்தன் ஒதுங்கி எடம் விட்டான், பயமா பக்தியான்னு தெரியல.

நான் எதிர் ப்ளாட்ஃபார்ம்ல. என்னச் சுத்தி அப்பாக்கள், அம்மாக்கள், உள்ள போயிருக்கற புருஷனுக்காக புதுப் பொண்டாட்டிங்க. ஒரு மாமி கண்ண மூடி முணுமுணுத்துக்கிட்டே இருந்தாங்க. அவங்க வீட்டுக்காரரு, "போதும்டி, சாமிக்கே அலுத்துடப் போவுது"ன்னாரு. இப்ப உள்ள அவன், வெளிய நான். உள்ள என்ன போடறாங்க, காரமா, உப்பா, ஒண்ணும் தெரியல. வாசக் கதவுலயே கண்ண வச்சுக்கிட்டு நிக்கறேன்.

அந்த நிமிஷத்துல எனக்குள்ள ஒரு நாய் குரைச்சுது. கெடைக்கக் கூடாது, கெடைக்கக் கூடாதுன்னு. நெசமாத்தான் சொல்றேன். இவனும் போயிட்டா மெட்ராஸ்ல எனக்கு யாரு இருக்கா? அம்மா இருக்கா, வீடு இருக்கு, தெரு இருக்கு. மச்சின்னு கூப்பிட ஒருத்தன் இல்ல. அமெரிக்காவுல குளிர் ராத்திரியில நான் மனசுல சுத்தற மெட்ராஸ்ல பைக்க ஓட்டறவன் இவன்தான். அவன எறக்கி விட்டுட்டா வண்டி எப்படி ஓடும்? அப்பறம் மாமி முணுமுணுக்கறதப் பாத்தேன். வெக்கமா போச்சு. நானும் சரணம் சொன்னேன், எனக்குத் தெரிஞ்ச வரைக்கும்.

ரொம்ப நேரம் கழிச்சு பாபு வந்தான். மொகத்துல ஒண்ணுமே இல்ல. ரோட்ட க்ராஸ் பண்ணி என் முன்னாடி நின்னான்.

"எப்படிடா?"

"வெள்ளக்காரம்மா. கால எட்டிப் பாத்துச்சு. ஷூ எங்கன்னுச்சு. சாமிக்கு விரதம்னேன். எதுக்கு விரதம்னுச்சு. மாலைய போட்டுக்கிட்டு பொய் சொல்ல முடியுமா? இந்த விசாவுக்குதான்னேன்."

"அடப்பாவி."

"பேனாவ கீழ வச்சுடுச்சு. நான் தரலன்னா உங்க சாமி என்ன பண்ணும்னு கேட்டுச்சு. அடுத்த வருஷமும் மாலை போட வைக்கும்னேன். அதுக்கப்பறம் கோபால்ல நாலு கேள்வி. கடசீல சாயங்காலம் வந்து பாஸ்போர்ட்ட வாங்கிக்கோன்னுச்சு."

"வாங்கிக்கோன்னா?"

"கெடச்சிருச்சுடா," சொல்லிட்டு அந்த ப்ளாட்ஃபார்ம்லயே குந்தி உக்காந்துட்டான். வெறும் பாதத்த ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, தார் சூட்டுல கொப்புளம் வந்த எடத்தத் தடவிக்கிட்டே அழுதான். அந்த மாமி என்கிட்ட வந்து, "கெடைக்கலயா பாவம்?"ன்னு கேட்டாங்க. கெடச்சிடுச்சு மாமின்னேன். அவங்களுக்குப் புரியல. எனக்கு நல்லாப் புரிஞ்சுது.

பாஸ்போர்ட்ட வாங்கிட்டு எங்க வீட்டுக்குப் போனா அன்னிக்கு அனுமார் ஜெயந்தியும் கூட. கோவில்ல வடமால சாத்தின பிரசாதம்னு அம்மா ஒரு பொட்டலம் மிளகு வட குடுத்தா, சாமிக்குன்னு. பாபு அத துண்டுல முடிஞ்சுக்கிட்டு, "ஏறுங்க சாமி, கடசீ கடை ஒண்ணு பாக்கி"ன்னான். மறுநாள் ராத்திரி எனக்கு ஃப்ளைட்டு.

பாலவாக்கம். ஈசிஆர விட்டு எறங்கி, மணல்ல பைக்க நிறுத்திட்டு கொஞ்சம் நடக்கணும். ஒரு குடிச வாசல்ல அடுப்பு, அடுப்பு மேல தோசக்கல்லு, பக்கத்துல ராணியக்கா. வேற யாரும் இல்ல. "இன்னிக்குதான் கூட்டம் இருக்காது," பாபு சொன்னான். "பௌர்ணமி நண்டு வெறும் ஓடு சாமி, உள்ள தண்ணி. அமாவாசைக்குதான் சதை கட்டும்பாங்க. ஆனா அமாவாசைக்கு நம்ம ஜனம் வாயக் கட்டிடும். அதனால நல்ல நண்ட இந்த ஊர்ல பாதி பேரு தின்னதே இல்ல." சொல்லிட்டு தண்ணியோரமா போய் உக்காந்துட்டான். காத்து கடல்ல இருந்து வருது, வாசன அவன் பக்கம் போகாது.

ராணியக்கா என்ன மேலயும் கீழயும் பாத்தாங்க. "இன்னா தம்பி, அமாவாசையும் அதுவுமா நண்டு கேக்கற. பூணூல் எட்டிப் பாக்குது பாரு, உள்ள தள்ளு."

தள்ளினேன்.

"அந்த சாமி இன்னாத்துக்கு அங்க குந்திக்கினு கீது?"

"மாலை போட்டிருக்கான்க்கா. என் கூட வந்தான்."

"பாவம். எப்டி சும்மா குந்திக்கினு கீறாரு அவரு? மூக்கு இருக்குதுல்ல."

சின்ன வெங்காயம், பச்ச மொளகா, மிளகு, ஒரு கை நண்டு. சேந்து நிக்கறதுக்கு அரிசி மாவு கண்ணுக்குத் தெரியாத அளவு. உள்ளங்கையில தட்டி கல்லுல போட்டாங்க. பேப்பர்ல வாங்கிக்கிட்டு நானும் போய் பாபு பக்கத்துல உக்காந்தேன், காத்துக்கு இந்தப் பக்கம். அவன் துண்ட அவுத்து வடய எடுத்தான். அவன் கையில ஒரு வட்டம், என் கையில ஒரு வட்டம். ஒரே நேரத்துல கடிச்சோம். அவனுது மொறுக்குன்னுச்சு, என்னுது சத்தமே இல்லாம கரைஞ்சுது. மூணு வருஷத்துக்கப்பறம் அன்னிக்குதான் ரெண்டு பேரும் சேந்து சாப்ட்டோம்.

"இப்ப சொல்லுங்க சாமி," கடலப் பாத்துக்கிட்டே கேட்டான். "விசா வந்தாச்சு. ஐயப்பன் ஒண்ணும் சொல்லமாட்டான்."

இவ்வளவு நாளா முழுங்கின வாக்கியமெல்லாம் தொண்டையில வந்து நின்னுச்சு. "நல்லா இருக்குடா"ன்னேன். அதுக்கு மேல வரல.

அவன் தலையாட்டினான். "டல்லாஸ்ல இருந்து உங்க ஊரு எவ்வளவு தூரம்? சனிக்கிழம கெளம்பினா ஞாயித்துக்கிழம வந்துட்டுப் போயிடலாமா?"

"மெட்ராஸ்ல இருந்து டில்லி போற மாதிரிடா. அதுக்கும் மேல இருக்கும்."

"ஓ." வடையில இருந்த மணலத் தட்டினான். "ஒரே நாடுன்னு நெனச்சேன். அப்ப அங்க யாரோட சாப்பிடறது?"

இன்னொரு வட எடுத்துக் குடுத்தான், வாங்கிக்கிட்டேன்.

அதனால சங்கத்து ஜனங்களே, தீர்ப்பு பாலவாக்கம். பிக்னிக் கோஷ்டி ஒத்துக்கிட்டாலும் சரி, ஒத்துக்கலன்னாலும் சரி. இதுக்கு மேல எனக்கு இதுல ரோஷம் இல்ல.

ஆனா நம்ம மலர் டல்லாஸ் சங்கத்துக்கும் போகுதுன்னு கேள்விப்பட்டேன். அங்க இருக்கறவங்களுக்கு ஒரு வார்த்த. பிப்ரவரியில பாபுன்னு ஒருத்தன் வந்து எறங்குவான். தாடி எடுத்திருப்பான், ஷூ புதுசா இருக்கும், நடக்கறப்ப கடிக்கும், சொல்ல மாட்டான். சாப்பிடக் கூப்ட்டா மொத தடவ வேணாம்பான், ரெண்டாவது தடவ கூப்பிடுங்க. கடல் அங்க பக்கத்துல இல்லன்னு தெரியும், இருந்தாலும் எங்கயாவது நல்ல நண்டா பாத்து வாங்கிக் குடுங்க. குடுத்துட்டுப் போயிடாதீங்க. கூட உக்காந்து நீங்களும் சாப்பிடுங்க. உதிருதா, ஒட்டுதா, சோம்பு போட்டானான்னு ஒவ்வொரு வாய்க்கும் கேப்பான். பதில் சொல்லுங்க.